விட்டில் என்னும் குரு



மே, ஜூன் மாதங்களில் ஸ்கூடாய் ஹாஸ்டல் நடைபாதை விளக்குப் பக்கம், உள்ளங்கையை விடப் பெரிய பழுப்பு விட்டில் ஒன்று சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. சிறகுகளின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு, பின்னால் இரண்டு வால். இதன் அறிவியல் பெயர் லிஸ்ஸா ஸாம்பா. கடிக்காது, கொட்டாது. 2014 மே மாதம் தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் திரள் திரளாக வந்து செய்தியானது இதுதான்.

இதன் வீடு காடு. இதன் புழு, மலாய் மொழியில் செசெண்டுக் எனப்படும் மரத்தின் இலையைத் தின்று வளரும். தீக்குச்சிக்கும் பிளைவுட்டுக்கும் வெட்டப்படும் மரம் அது. அந்த மரம் போனால் இந்த விட்டிலும் போயிடும்.

ஸ்ரீமத் பாகவதம் 11-ஆம் ஸ்கந்தத்தில், அவதூதர் யது மகாராஜாவிடம் தம் 24 குருமார்களைப் பற்றிச் சொல்கிறார். அதில் விட்டிலும் ஒன்று. கண்ணைக் கவர்ந்ததன் பின்னால் ஓடினால் அழிவு என்பது பாடம். இரவு 2 மணிக்கும் போனை வைக்க முடியாத நமக்கு இது நல்லாவே பொருந்தும்.

ஆனா, விட்டில் உண்மையில் ஆசைப்பட்டுத்தான் வருதா? 2024-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதிவேகக் கேமராவில் பார்த்தபோது, பூச்சிகள் விளக்கை நோக்கிப் பாயவில்லை. விளக்குக்கு முதுகைத் திருப்பின. இரவில் தரையை விட வானமே வெளிச்சம். அதனால் வெளிச்சம் உள்ள பக்கமே 'மேல்' என்று வைத்து அவை உடலை நேராக்கிக்கொள்ளும். சென்சார் தப்பாகக் காட்டினால் டிரோன் தடுமாறும் இல்லையா, அதே கதைதான். பக்கத்தில் நம்ம விளக்கு எரிந்தால், மேல் எது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி மாட்டிக்குது.

அப்படின்னா அவதூதர் சொன்னது நம் புலன்களுக்கான பாடம், அது மாறவில்லை. கூடவே இன்னொன்றையும் கற்கணும்: விளக்கை வைத்தவர்கள் நாம். அஹிம்சை என்பது அடிக்காமல் இருப்பது மட்டும் இல்லை, வழி தவற வைக்காமல் இருப்பதும்தான்.

செய்ய வேண்டியவை:

1. ஆள் இல்லாத இடத்து வெளி விளக்கை அணையுங்கள்.
2. தேவையான விளக்குக்கு மேல்மூடி போட்டு, வெளிச்சம் தரையில் மட்டும் விழச் செய்யுங்கள்.
3. அறைக்குள் வந்துவிட்டால் ஸ்ப்ரேயும் துடைப்பமும் வேண்டாம். விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறந்து விடுங்கள்.

கலந்துரையாட: நம் வசதிக்காக நாம் செய்யும் எது, நமக்கே தெரியாமல் இன்னோர் உயிரைத் தடுமாற வைக்கிறது?