பிராயத்துக்கேற்ற ஆகாரம்

நம்முடைய சரீரம் ஆகாரத்தாலே வளர்ந்து ஆகாரத்தாலே நிலைபெறுவது என்பதை அறியாதார் இலர். ஆயினும், ஓர் அடுப்பில் வெந்த ஒரு பானைச் சோறு அவ்வீட்டிலுள்ள தந்தைக்கும், கருவுற்ற தாய்க்கும், பால்குடி மாறாத சிசுவுக்கும், பூப்பெய்திய மகளுக்கும், பல்விழுந்த பாட்டிக்கும் ஒரே பயனைத் தருமோ என ஆராய்பவர் சிலரே. பிராயந்தோறும் சரீரத்தின் வேண்டுகை வேறுபடும். அன்றியும், ஒரு பிராயத்தில் நேர்ந்த குறை அப்பிராயத்தோடு ஒழியாது. பிந்திய பிராயத்திலோ, இனிப் பிறக்கும் வேறொரு சரீரத்திலோ சென்று தோன்றுதலும் உண்டு. இவ்விரண்டினையும் பிள்ளைகளை நாடோறும் கண்ணெதிரே காணும் உபாத்தியாயர்கள் நன்கு உணர்ந்திருத்தல் வேண்டும் என்பது பற்றியே இதனை எழுதுகின்றோம்.

இரும்புச்சத்தை முதற்கண் எடுத்துக்கொள்வோம். உதிரத்திற்குச் செந்நிறந் தருவதும், நாம் உட்கொள்ளும் பிராணவாயுவைச் சரீரமெங்கும் சுமந்து செல்வதுமாகிய பொருள் இரும்பின்றி உண்டாகாது. ஐக்கிய அமெரிக்க நாட்டின் மருத்துவ நிறுவகம் 2001 ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவின்படி, வளர்ந்த ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் இரும்பு போதும்; ஏழு மாதம் முதல் ஓராண்டு வரையுள்ள சிசுவுக்கோ 11 மில்லிகிராம் வேண்டும். பதினான்கு முதற் பதினெட்டு வயது வரையுள்ள பெண்ணுக்கு 15, அதன்மேல் ஐம்பது வயது வரை 18, கர்ப்பிணிக்கு 27. மாதவிடாய் நின்றபின் ஆடவருக்குரிய 8 மில்லிகிராமே பெண்ணுக்கும் போதும். தந்தையினும் சிசுவுக்கு மிகுதி வேண்டும் என்றல் கேட்போர்க்கு வியப்பாகலாம். பிறந்த குழந்தை ஓராண்டிலே தன் நிறையில் ஏறக்குறைய மும்மடங்காகின்றது. அத்துணை விரைவாக வளரும் சரீரத்துக்குப் புதிய உதிரமும் அத்துணை விரைவாக வேண்டும். தாய்வயிற்றிலிருந்து அது கொண்டுவந்த இரும்பு ஆறு மாதமளவிற் பெரும்பாலும் செலவாகிவிடும். தாய்ப்பாலில் உள்ள இரும்பு எளிதிற் சேரத்தக்கதாயினும் அளவிற் சிறிது. ஆதலின் ஆறு மாதம் வரை தாய்ப்பாலே கொடுத்து, ஆறு மாதம் நிரம்பியதும் தாய்ப்பாலோடு வேறு ஆகாரமும் கொடுத்தல் வேண்டும்.

அவ்வாகாரம் யாது? நம்மவர் பலர் கஞ்சித் தெளிவையும், பருப்பு நீக்கிய இரசத்தையும் குழந்தைக்கு ஏற்றவை என்று கருதுகின்றனர். இவை வயிற்றை நிரப்புமேயன்றிச் சரீரத்தை நிரப்பா. சிசுவின் இரைப்பை மிகச் சிறியது. அதனுள் நீரை ஊற்றினால் சத்துக்கு இடமில்லை. குழைந்த சோற்றோடு மசித்த பயறு அல்லது பருப்பு, அரைத்த கீரை, சிறிது நெய் அல்லது நல்லெண்ணெய் ஆகியன சேர்த்துக் கரண்டியிலிருந்து வழுவாத பதத்தில் ஊட்டுதலே முறை. இரண்டு வயதுக்குள் மூளை மிக விரைவாக வளர்கின்றது. அக்காலத்து இரும்புக்குறை நீடிப்பின், பின்னர் மருந்தினால் உதிரம் தேறினாலும், கவனமும் கற்குந் திறனும் முற்றாகத் தேறாமற் போதலும் உண்டென ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். ஐந்து வயதில் ஏட்டோடு நம்மிடம் வரும் பிள்ளை, அதன்முன் உண்டதையும் உண்ணாததையும் தன்னோடு கொண்டே வருகின்றது.

நிற்க, வகுப்பறையை நோக்குவோம். மூன்றாம் பாடவேளையிற் கொட்டாவி விடும் மாணாக்கியைச் சோம்பேறி என்று கடிதல் எளிது. அவளுடைய கீழிமையின் உட்புறம் வெளிறியிருக்கின்றதா, படியேறும்போது மூச்சு வாங்குகின்றதா, மண்ணோ பச்சையரிசியோ தின்னும் வழக்கம் உண்டா என்று ஆராய்தல் அதனினும் நன்று. வெண்கட்டியைத் திருடித் தின்னும் பிள்ளை நம் பாடசாலைகளிற் புதியதன்று. அதனைக் குறும்பு என்று தண்டித்தலே வழக்கம். அவ்விச்சை இரும்புக்குறையின் அடையாளமாதலும் உண்டு. மாதந்தோறும் உதிரம் இழக்கத் தொடங்கியும், அதே காலத்தில் உயரம் வளர்ந்தும் வரும் பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண்களிடத்தே இக்குறை எளிதிற் பற்றும். பூப்பெய்திய மகளுக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்கும் யாழ்ப்பாணத்து வழக்கம் மிக நன்று. ஆனால், அச்சில நாட்களின்பின் அவள் பாணும் வெறுந் தேநீரும் உண்டு பாடசாலைக்கு வருவாளாயின், அக்களியினாற் பெற்றது எத்தனை நாளைக்கு நிற்கும்?

சைவபோசனம் உண்போர் இங்கே ஒன்றை அறிதல் வேண்டும். பயறு, உழுந்து, எள், கீரை முதலியவற்றில் இரும்பு உண்டு. எனினும் அதிற் சிறு பங்கே குடலினாற் கவரப்படும். தானியத்தின் தவிட்டிலும் பருப்பிலும் இரும்பைப் பிணித்துக்கொள்ளும் பொருளொன்று உளது. தேயிலையிலுள்ள துவர்ப்பும் அவ்வாறே பிணிக்கும். சோறுண்ட கை உலருமுன் தேநீர் அருந்துதல் நம் நாட்டில் வழக்கமாய்விட்டது. அதனை ஒன்றிரண்டு மணிநேரம் தாழ்த்தினாலே பெரும்பயன் உண்டாம். புளிப்புப் பழங்களில் உள்ள விற்றமின் சி என்னும் உயிர்ச்சத்தோ அப்பிணிப்பை வென்று இரும்பைக் குடலிற் சேர்ப்பிக்கும். முருங்கையிலை வறையை இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுதல் நாவுக்கு மாத்திரமன்று, உதிரத்துக்கும் நன்று. அடுப்பிலிருக்கும்போதே விட்டால் அவ்வுயிர்ச்சத்து வெப்பத்தாற் குறைந்துவிடும். உணவோடு உண்ணும் நெல்லிக்காயும் கொய்யாப்பழமும் இத்தொழிலையே செய்யும். பயற்றை ஊறவைத்து முளைக்கட்டுதலும், தோசைமாவைப் புளிக்கவைத்தலும் இரும்பைப் பிணிக்கும் பொருளைக் குறைக்கும்.

வெளிறிய பிள்ளைகளுக்கெல்லாம் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுக்க உபாத்தியாயர் முற்படலாகாது. கொளுக்கிப்புழு உதிரத்தை உறிஞ்சுதலாலும் இந்நிலை நேரும். தலசீமியா என்னும் பரம்பரை நோயுள்ளவர் சரீரத்தில் இரும்பு மிகையாய்த் தேங்கித் தீங்கு செய்யும். வைத்தியர் உதிரத்தைப் பரீட்சித்துக் கூறிய பின்னரே மாத்திரை கொடுத்தல் தகும்.

இனி, ஒருவர் குறை மற்றொருவரிடத்தே தோன்றுமாறு கூறுவாம். ஒல்லாந்த வைத்தியராகிய ஐக்மன் என்பவர் யாவா தீவின் பத்தாவியா நகரில், தீட்டிய வெள்ளரிசிச் சோறு உண்ட கோழிகள் கால் தள்ளாடி வீழ்தலையும், தீட்டாத அரிசி உண்டபின் தேறுதலையும் கண்டார். அதனால் பெரிபெரி என்னும் நோயின் காரணம் விளங்கத் தொடங்கிற்று. 1929 ஆம் ஆண்டில் அவருக்கு நொபெல் பரிசிற் பங்கு கிடைத்தது. தவிட்டோடு போன விற்றமின் பி1 என்னும் உயிர்ச்சத்தே அங்கு இல்லாதது. தாய் தன்னளவிற் பெரிய நோயின்றி இருக்க, அவள் பாலையே உண்ட இரண்டு மூன்று மாதச் சிசு இக்குறையால் இருதயம் தளர்ந்து திடீரென இறத்தலும் வெள்ளரிசி உண்ணும் நாடுகளிற் காணப்பட்டது. நெல்லைப் புழுக்கும்போது அவ்வுயிர்ச்சத்திற் பெரும்பங்கு தவிட்டிலிருந்து அரிசியினுள் ஊறிவிடும். நம் முன்னோர் இரசாயனம் அறிந்து புழுங்கலரிசி செய்தனர் என்று நாம் பெருமை பேசவில்லை. செய்ததன் பயனை மாத்திரம் கூறுகின்றோம்.

விற்றமின் பி12 என்பது நம்மவர்க்குச் சிறப்பாக உரியது. இதனை நுண்ணுயிர்களே ஆக்கும். மரக்கறிகளில் இஃது இல்லை. புலாலுண்ணாதார்க்குப் பாலும் தயிரும் மோருமே இதற்கு வாயில். இதனாற் புலாலுண்ணல் வேண்டும் என்பது பெறப்படாது. பாலையுங் கைவிடின், அல்லது வறுமையாற் பால் வீட்டுக்கு வாராதொழியின், மாத்திரையாலேனும் இதனைப் பெறல் வேண்டும் என்பதே பெறப்படும். ஈரலில் இதன் சேமிப்பு ஆண்டுக்கணக்கில் நிற்றலாற் குறை தாயிடத்தே வெளிப்படத் தாமதிக்கும்; அவள் பாலுண்ணும் சிசுவோ சில மாதங்களிலே சோர்ந்து, தலைநிற்றல் தவழ்தல் முதலியவற்றிற் பின்தங்கும். கீரையிலும் பருப்பிலும் உள்ள போலிக்கமிலம் என்பதும் இவ்வாறே தாயைப் பற்றியது. கரு உண்டாகி இருபத்தெட்டு நாளளவிலே முள்ளந்தண்டுக் குழாய் மூடிவிடும். தாய் தான் கருவுற்றதை அறியுமுன்பே அக்காலம் கழிந்துவிடுதல் பெரும்பான்மை. கருவுறுமுன்பே போலிக்கமிலம் உட்கொள்வது முள்ளந்தண்டுப் பிறவிக்குறைகளைப் பெரும்பாலுந் தடுக்கும் என்பது 1991 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் நிலைநாட்டப்பட்டது.

1944 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1945 ஆம் ஆண்டின் வசந்தகாலம் வரை ஒல்லாந்து தேசத்தின் மேற்குப் பகுதியிற் போரினால் உணவு அற்றுப்போயிற்று. அப்பஞ்சத்திற் கருவிலிருந்தோர் ஐம்பது அறுபது வயதானபோது ஆராயப்பட்டனர். நீரிழிவுக்கு ஏதுவான நிலை அவர்களிடத்தே மிகுந்திருந்தது; கருவின் முதன்மாதங்களிற் பஞ்சம் நேர்ந்தோரிடத்து இருதயநோயும் மிகுந்திருந்தது. எட்டாம் வகுப்பில் இன்று நம் முன்னிருக்கும் பெண்ணின் காலையுணவு யாருடைய சுகத்தைப் பற்றியது என்பதை இதனால் ஊகித்துக்கொள்க.

முதியோரைப் பற்றிச் சிறிது கூறுவாம். வயது ஏற ஏற உழைப்புக் குறைதலாற் சோறு குறையலாம். தசை கரையாதிருத்தற்பொருட்டுப் பருப்பும் பாலும் தயிரும் குறைதல் ஆகாது. பல்லில்லாத பாட்டி தேநீரும் விசுக்கோத்துமே போதும் என்பாள், அது போதாது. முதுமையிற் பி12 குடலிற் சேர்தல் குறையும்; தாகமும் மழுங்குதலால் நீர் வேண்டியபோது அருந்தாள். உப்பு வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு உட்பட்டிருத்தல் நன்று. ஊறுகாயும் அப்பளமும் விரும்பும் நம் வீடுகளில் இது கடினமே.

இவற்றைப் பாடமாக நடத்தும் முறை ஒன்று உண்டு. முன்னாள் காலை முதல் இரவு வரை உண்டவற்றை மாணாக்கர் தத்தம் ஏட்டில் எழுதுக. அவற்றுள் இரும்பு எதில், அதனைச் சேர்ப்பிக்கும் புளிப்பு எதில், பாலும் தயிரும் எங்கே என்று அவரே அடையாளமிடுக. ஏட்டை உபாத்தியாயர் தனியே வாங்கிப் பார்த்தல் வேண்டும். வகுப்பில் உரக்க வாசிப்பிக்கலாகாது. வாசிப்பித்தால், காலையில் ஒன்றும் உண்ணாத பிள்ளை, பக்கத்துப் பிள்ளை எழுதியதையே தானும் எழுதிக்கொண்டு வரும்.