நூல் ஊரில் நூல் இல்லையா?

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய மாடல் கப்பல் படங்களைப் பார்த்தேன். மேல்தளமும் பீரங்கிகளும் சுத்தமாக ஒட்டியிருக்கின்றன, பெயின்ட் எங்கேயும் வழியவில்லை. ஆனால் கீழே ஒரு வரி எழுதியிருந்தாயே, "கயிறு கட்டுகிற நூல் இங்கே கிடைக்காதாம் அப்புச்சி, ஜெர்மனியிலிருந்து வரவழைக்கணுமாம்" என்று. அதைப் படித்த பிறகு எனக்குக் காப்பி இறங்கவில்லை.

1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்த ஊர் இந்தக் கோயம்புத்தூர். நூலை ஆராய்வதற்கென்றே 1956-இல் தொடங்கிய சிட்ரா அவினாசி ரோட்டில் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறினால் வழியெல்லாம் மில். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இருபது மீட்டர் நூலுக்கு ஜெர்மனிக்குப் பணம் கட்டுவானா ஒருவன்? நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு நூற்பு சொல்லிக்கொடுத்தவன் பேரன்!

கோபத்தை விடு, கணக்குக்கு வருவோம். உன் கப்பல் கான்ஸ்டிடியூஷன். 1797-இல் பாஸ்டனில் நீரில் இறங்கி, இன்றைக்கும் அமெரிக்கக் கடற்படையின் கணக்கில் இருக்கிற கப்பல். உன் மாடல் அதில் 96-இல் ஒரு பங்கு. கயிறும் அதே விகிதத்தில் மெலிய வேண்டும் என்பது உனக்கே தெரியும். அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் கயிற்றின் சுற்றளவைச் சொன்னார்கள், விட்டத்தை அல்ல என்பது தெரியுமா? 9 அங்குலக் கயிறு என்று புத்தகத்தில் இருந்தால் அதன் குறுக்களவு ஏறக்குறைய 73 மில்லிமீட்டர்தான். 96-ஆல் வகுத்தால் 0.76. இதைக் கவனிக்காதவன் மூன்று மடங்கு தடிமனில் நூலைக் கட்டிவிட்டு, கப்பல் ஏன் பொம்மை மாதிரி இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வான். மாலுமிகள் ஏறுகிற படிக்கயிறு, ராட்லைன், ஒன்றரை அங்குலச் சுற்றளவு என்று வைத்துக்கொள். விட்டம் 12 மில்லிமீட்டர். உன் அளவில் 0.13.

இப்போது மில்லுக்கு வா. பருத்தி நூலின் விட்டத்தைச் சொல்ல பியர்ஸ் என்பவர் ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறார்: நூல் நம்பரின் வர்க்கமூலத்தை 28-ஆல் பெருக்கி, அதனால் 1-ஐ வகுத்தால் அங்குலத்தில் விட்டம். 40-ஆம் நம்பருக்குப் போட்டுப் பார், 0.14 மில்லிமீட்டர் வரும். உன் ராட்லைன் அப்படியே நம் ஊர் கோனில் சுற்றிக் கிடக்கிறது! ஒற்றை நூல் எடுக்காதே, கையில் சுருண்டுகொண்டு உயிரை வாங்கும். இரட்டை எண்பது எடு. நம்பர் கூடக் கூட நூல் மெலியும்; இரண்டு 80 சேர்ந்தால் 40-இன் பருமன்தான். பிசிறைத் தீயில் பொசுக்கிய நூல், அதாவது 'கேஸ்' செய்தது, கிடைத்தால் இன்னும் நல்லது. கிடைக்காவிட்டால் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு தடவை இழு. பிசிறுள்ள நூல் தூசியைப் பிடித்து, ஆறு மாதத்தில் உன் போர்க்கப்பலில் ஒட்டடை படிந்த மாதிரி ஆகிவிடும்.

தடிமனான கயிற்றை நீயே முறுக்கு. நெசவுக்கு வரும் இரட்டை நூல் பெரும்பாலும் எஸ் முறுக்கு, அதாவது இழைகள் எஸ் எழுத்தின் நடுக்கோடு சாய்கிற பக்கம் சாயும்; இசட் அதற்கு எதிர். பழைய கப்பல் கயிறோ பெரும்பாலும் கடைசி முறுக்கு இசட்டில் முடியும். அதனால் இரட்டை இருபதில் இரண்டு இழை சேர்த்து ஒரு புரி என்று மூன்று புரி எடுத்துக்கொள். ஒவ்வொன்றையும் எஸ் பக்கமாகவே இன்னும் இறுக முறுக்கி, மூன்றையும் ஒரே கொக்கியில் மாட்டி, டிரில்லிங் மெஷினை எதிர்ப்பக்கம் மெதுவாக ஓட்டு. புரிகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து நிஜக் கயிறாகவே உட்காரும், முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக. நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை சுருங்கும், முன்கூட்டியே தாராளமாக வெட்டிக்கொள். தையல் மெஷின் நூல் மட்டும் விதிவிலக்கு. அது பெரும்பாலும் இசட் முறுக்கில்தான் வரும், நேராகவே கட்டலாம். டார்சி லீவர் என்ற வெள்ளைக்காரர் 1808-இல் இளம் கடற்படை அதிகாரிகளுக்காக ஒரு புத்தகம் போட்டார். அவரும் கயிற்றிலிருந்துதான் ஆரம்பிக்கிறார், பாயிலிருந்து அல்ல. அந்தப் புத்தகத்தை நான் நூற்புப் பாடமாகவே படித்தேன். பாய் பகுதியில் பாதிதான் புரிந்தது.

கட்டும்போது ஒன்றை மறக்காதே. நிஜக் கப்பலில் கயிறு மரத்தை நிறுத்துகிறது. பிளாஸ்டிக் கப்பலில் கயிறு மரத்தை வளைக்கிறது. உன் பாய்மரம் பாலிஸ்டைரீன். சர்க்கஸ் கூடாரக் கம்பத்தை இழுத்துக் கட்டுகிற மாதிரி கட்டினால் நான்கு நாளில் வில்லாக நிற்கும். ஒட்டுவதற்கு முன்பே பாய்மரத்துக்குள் ஒரு பித்தளைக் கம்பி செருக முடிந்தால் செருகு. ஒட்டியாகிவிட்டதென்றால் இழுவையைச் சமமாகப் பிரிப்பது ஒன்றுதான் வழி. பாய்மரத்தை இருபக்கமும் பிடிக்கிற ஷ்ரவுட் கயிறுகளை இரண்டிரண்டாக உச்சியில் மாட்டு. வலப்பக்கம் முன்னால் உள்ள ஜோடி, அடுத்து இடப்பக்கத்தில் அதற்கு எதிர் ஜோடி, மறுபடியும் வலம். அவை மரத்தைப் பின்னால் இழுக்கும். அதனால் முன்பக்கம் தற்காலிகமாக ஒரு நூலைக் கட்டி வைத்துக்கொள், மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கயிறு ஏறியதும் அதை அறுத்துவிடலாம்.

ராட்லைனுக்கு 4 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு போட்ட தாளைப் பின்னால் வை. நிஜத்தில் அது 15 அங்குலம், ஒரு மனிதன் கால் தூக்கி வைக்கிற உயரம். ஒவ்வொரு ஷ்ரவுடிலும் ஒரு முடிச்சு. முடிச்சை இறுக்கு, நூலை இழுக்காதே. இழுத்தால் இரண்டு ஓரத்து ஷ்ரவுட்களும் இடுப்பு ஒடுங்கிப் போகும். உடனடிப் பசை வேண்டவே வேண்டாம், நூல் குச்சியாக விறைத்து ஒடியும். தண்ணீர் கலந்த பெவிகால் ஒரு துளி போதும், பிடிக்காவிட்டால் நனைத்துப் பிரித்துவிடலாம்.

பருத்தி நூலுக்கு ஒரு குணம் உண்டு, ஈரம் குடித்தால் முறுக்கு உப்பி நீளம் குறையும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் வீசும்போது விறைக்கும், சித்திரையில் தொய்யும். ஆகவே ஷ்ரவுடுக்கும் ஸ்டேக்கும் பாலியெஸ்டர் போடு என்றுதான் சொல்வேன். பருத்திப் பித்துப் பிடித்த நானே சொல்கிறேன், கேட்டுக்கொள். நிற்கிற கயிறுகள், அதாவது ஷ்ரவுடும் ஸ்டேயும், தார் பூசியவை, கருப்புக்கு நெருங்கிய பழுப்பு. பாயை இழுத்து இயக்குகிற, ஓடுகிற கயிறுகள் வெளிர் சணல் நிறம். எல்லாவற்றையும் கருப்பில் கட்டுபவனைக் கண்டால் எனக்கு ஆகாது.

பெட்டியில் வந்த பிளாஸ்டிக் பாய்களைத் தூக்கிப் போடு. பாய் இல்லையென்றால் மேலே உள்ள பருமல்கள், அதாவது பாயைத் தாங்கும் குறுக்கு மரங்கள், கீழே இறங்கித்தான் இருக்க வேண்டும். மாடல்காரர்கள் பாதிப் பேர் அவற்றை உச்சியிலேயே தொங்கவிடுகிறார்கள். பாய் விரிக்காதவன் எதற்குப் பருமலை ஏற்றுவான்?

கடலுக்கும் நமக்கும் என்ன அப்புச்சி என்றும் கேட்டிருந்தாய். 19-ஆம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் தளத்துக்கு ஆனைமலையிலிருந்தும் தேக்கு போனது. மலையிலிருந்து மரத்தைச் சறுக்கிவிட்ட இடம்தான் நீ ஸ்கூல் டூரில் போய் யானை பார்த்துவிட்டு வந்த டாப்ஸ்லிப்.

இரட்டை எண்பதில் ஒரு கோனும் இரட்டை இருபதில் ஒன்றும் உன் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை; நீ ஐம்பது கப்பல் கட்டினாலும் தீராது. கப்பிகளின் துளை எத்தனை மில்லிமீட்டர் என்று ஊசி விட்டு அளந்து எழுது. அதைப் பார்த்துத்தான் ஓடுகிற கயிற்றுக்கு நம்பர் சொல்ல முடியும். அதுவரை பருமல்களை ஒட்டாதே.

அன்புடன்,
அப்புச்சி