கறவைப் பசுவும் வெயிலும்

நான் ஆறாம் வகுப்பு படித்த 1971ஆம் ஆண்டில், ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த என் தந்தையார் கடன் வாங்கி ஒரு கறுப்பு வெள்ளைச் சீமைப் பசுவை வாங்கி வந்தார். எங்கள் நாட்டுப் பசுக்கள் நண்பகல் வெயிலிலும் அசை போட்டுக்கொண்டு நிற்கும். ஆனால் வேளைக்கு இரண்டு போத்தல் பால் கறந்தாலே பெரிது. புதிய பசுவோ முதல் மாதம் வாளியை நிறைத்தது. மூன்றாம் மாதம் வாய் பிளந்து மூச்சு வாங்கியது. தீனியைத் தொடவில்லை, சினையும் பிடிக்கவில்லை. பசு போயிற்று, கடன் நின்றது. கண்ணேறு என்றார் தந்தையார்.

பின்னாளில் அறிவியல் போதித்தபோதுதான் காரணம் விளங்கிற்று. மிகுதியாகப் பால் கறக்கும் பசு மிகுதியாகத் தின்ன வேண்டும். தீனி வயிற்றில் நொதித்துச் செரிக்கும்போதும் மடியில் பால் உண்டாகும்போதும் உடலில் சூடு பிறக்கிறது. குளிர்நாட்டில் அச்சூடு தொல்லையன்று. ஆனால் ஹோல்ஸ்டீன் பிரீசியன் பசுவுக்கு 25 பாகை செல்சியசைத் தாண்டினாலே துன்பம். நம் நாட்டிலோ பகலில் 32 பாகை சாதாரணம், காற்றிலும் ஈரம் மிகுதி. பால் அளவை மட்டுமே பார்த்துக் காளைகளைத் தேர்ந்தால், தலைமுறைதோறும் வெயில் தாங்கும் ஆற்றல் குறைகிறது.

இதற்காகவே பஞ்சாப் பகுதியின் சாஹிவால் இனத்தைப் பிரீசியனோடு கலந்து, மஃப்ரிவால் என்னும் இனத்தை மலேசியாவில் உருவாக்கினார்கள். நல்ல முயற்சியே. ஆயினும் கலப்பில் வெயிலைத் தாங்கும் குணம் வரும்போது பாலில் ஒரு பங்கு போய்விடுகிறது.

கரீபியன் கடலிலுள்ள செயின்ட் குரோய் தீவின் செனபோல் மாடுகள் வேறொரு வழி காட்டின. அவற்றின் மயிர் மிகக் குட்டை, வழவழப்பானது. வியர்வையும் எளிதில் வெளியேறும். புரோலாக்டின் என்னும் சுரப்பு நீரை ஏற்கும் மரபணுவில் ஓரெழுத்து விடுபட்டிருப்பதே காரணமென 2014இல் கண்டறிந்தார்கள். (பால் சுரக்க வைப்பதும் அதே புரோலாக்டின்தான் என்பது வியப்பு.) இந்த ஒரு மரபணுவை மட்டும் ஹோல்ஸ்டீனுக்குள் கொண்டுவந்து, மீண்டும் மீண்டும் ஹோல்ஸ்டீனோடே இணை சேர்த்தால் பால் குணம் பெரிதும் அழியாமல் நிற்கிறது. புளோரிடாவில் நடந்த ஆய்வில், குட்டை மயிர்ப் பசுக்களின் உடல் வெப்பம் குறைவாக இருந்தது. கோடையில் பாலும் அவ்வளவாகக் குறையவில்லை.

நிழலும் தண்ணீரும் அவற்றுக்கும் வேண்டும்தான். மாடு வளர்க்கும் அன்பர்கள் சினை ஊசிக்குக் காளையைத் தேரும்போது பால் கணக்கோடு இதையும் கேளுங்கள். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இம்மரபணுவைப் பெற்ற காளையானால் அதன் கன்றுகள் அனைத்தும் குட்டை மயிரோடு பிறக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றிருந்தால், சாதாரணப் பசுவோடு சேரும்போது ஏறத்தாழப் பாதிக் கன்றுகளுக்கே அது கிட்டும்.