ஆக்கியோன் பெயரில்லாப் பாயிரம்: திருட்டுத் திரைப்படக் கோப்புப்பெயர்களின் அமைப்பும் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

2000 முதல் 2012 வரை புழங்கிய திருட்டுத் திரைப்படக் கோப்புகளின் பெயரமைப்பையும் அவை சுருக்கப்பட்ட முறையையும் நன்னூல் கூறும் சிறப்புப்பாயிரக் கூறுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அப்பெயர்கள் படியின் தரத்தை அறிவித்தன. படைத்தவர் பெயரை விடுத்தன என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: கோப்புப்பெயர், சிறப்புப்பாயிரம், ஒலிபெயர்ப்பு, பதிப்புரிமை, ஆரணி.

முன்னுரை

பட்டுத்தறிகள் நிறைந்த ஆரணியில், 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், கைப்பேசிக் கடைகளில் மெமரி கார்டில் படம் ஏற்றித் தரும் வழக்கம் இருந்தது. கடைக் கணினியில் புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நீண்ட ஆங்கில எழுத்துப் பெயர்கள் வரிசையாக நிற்கும். கடைக்காரர் கோப்பைத் திறந்து பாராமல், பெயரை வாசித்தே "இது தியேட்டர் பிரிண்ட், அது டிவிடி பிரிண்ட்" எனப் பிரித்துரைத்ததை ஆய்வாளர் தம் பள்ளிப் பருவத்தில் கண்டுள்ளார். ஒரு பெயர் இத்தனை செய்தியைத் தாங்குமாயின் அதனைப் பாயிரமாகக் கொண்டு ஆராய இடமுண்டு.

பெயரின் உறுப்புகள்

பவணந்தி முனிவர் சிறப்புப்பாயிரத்திற்கு எட்டுக் கூறுகளை வகுத்து, காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்ப்பாரின் கருத்தையும் சுட்டுகிறார். கோப்புப்பெயரில் முதலில் படப்பெயரும் அடுத்து வெளியான ஆண்டும் வரும். இவை நூற்பெயரும் காலமும் ஆகும். மூன்றாவதாக மூலம் சுட்டப்படும். அரங்கில் கேமராவால் பிடித்தது 'கேம்'. படச்சுருளிலிருந்து நேரே மாற்றியது 'டெலிசினி'. முன்பார்வைக்கு அனுப்பிய வட்டிலிருந்து எடுத்தது 'ஸ்கிரீனர்'. விற்பனை வட்டிலிருந்து எடுத்தது 'டிவிடிரிப்'. எந்த முதனூலிலிருந்து வந்தது என உரைக்கும் 'வழி' என்னும் கூற்றுக்கு இது நிகராகும். நான்காவதாகச் சுருக்கமுறை குறிக்கப்படும். தொகுத்தலை யாப்பின் வகையாகக் கொண்ட இலக்கண மரபில் இதனை 'யாப்பு' எனலாம்.

முன்வந்த படி பழுதுற்றிருப்பின், வேறொரு குழு தன் படிக்குப் 'ப்ராப்பர்' என்னும் அடைமொழி சேர்த்தது. தன் பிழையைத் தானே திருத்தியது 'ரீபேக்' எனக் குறித்தது. திருத்தப் பதிப்பு என்னும் கருத்து இவ்வுலகிலும் நிலவியமைக்கு இவை சான்றாகும்.

அளவும் சுருக்கமும்

விசிடி எம்பெக்-1 முறையில் 352×288 புள்ளி அளவுடைய படத்தை நொடிக்கு 1150 கிலோபிட் வீதத்தில் பதித்தது. ஒரு வட்டில் ஏறத்தாழ 80 நிமிடமே அடங்கியமையால் இரண்டரை மணிநேரத் தமிழ்ப்படத்திற்கு இரண்டு வட்டுகள் தேவைப்பட்டன. எம்பெக்-4 முறையைச் சார்ந்த டிவெக்ஸ், எக்ஸ்விட் ஆகியவை வந்தபின் முழுப்படமும் ஒரே குறுவட்டின் 700 எம்பிக்குள் அடங்கியது. 150 நிமிடப் படத்தை இவ்வளவில் அடக்கினால் ஒலியும் ஒளியும் சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 650 கிலோபிட்டே கிடைக்கும். குறுவட்டின் கொள்ளளவே படத்தின் தெளிவை வரையறுத்தது. 2003இல் தரப்படுத்தப்பட்ட எச்.264 முறையைப் பின்பற்றும் எக்ஸ்264 பின்னர்ப் பரவியது.

எழுத்துச் சிக்கல்

ஒருங்குறி பரவுமுன் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியேற்றங்களில் இயங்கின. தமிழில் இட்ட பெயர் வேறு கணினியில் சிதைந்து தோன்றக்கூடும். ஆதலின் பெயர்கள் ஆங்கில எழுத்திலேயே அமைந்தன. 2007இல் வெளிவந்த 'மொழி' என்னும் படப்பெயரின் ழகரத்தை 'இசட், எச்' என்னும் இரட்டை எழுத்தாலும் எழுதலாம். 'எல்' என்னும் ஓரெழுத்தாலும் எழுதலாம். பின்னதில் ல, ள, ழ வேறுபாடும், இரண்டிலும் ஒகர ஓகார வேறுபாடும் மறைகின்றன. ஒரு வடிவத்தால் தேடுவோர்க்கு மற்றொன்று அகப்படாது.

விடுபட்ட பெயர்

பெயரின் இறுதியில் இணைகோட்டை அடுத்து நிற்பது படியெடுத்த குழுவின் பெயர். ஏட்டுச்சுவடியின் இறுதியிலும் படியெடுத்தவர் தம் பெயரைப் பொறித்ததுண்டு. எனினும் பாயிர மரபு ஆக்கியோன் பெயரை முதற்கண் வேண்டிற்று. கோப்புப்பெயரில் இயக்குநர், எழுத்தாளர், ஒளிப்பதிவாளர் எவரும் இலர்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65பி பிரிவு, படைப்பையும் படைத்தவரையும் அறிவிக்கும் உரிமைத் தகவலை அனுமதியின்றி அறிந்தே நீக்குவதையும் மாற்றுவதையும் குற்றமாக்கி, இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்தது. டிஜிட்டல் அரங்குகளின் ஒளிவீழ்த்தியோ இடத்தையும் நேரத்தையும் காட்டும் மறைகுறியைப் படத்திலேயே பதிக்கிறது. திருடியவர் எழுதாது விட்ட களமும் காட்சி நேரமும் இவ்வாறு படத்துள்ளே தங்கிவிடுகின்றன.

முடிவுரை

ஆரணிப் பட்டில் ஒட்டப்படும் சில்க் மார்க் முத்திரை இழையின் தூய்மைக்குச் சான்று பகர்கிறது. நெய்தவர் பெயர் அதில் இல்லை. ஆயினும் புடவைக்கு நெசவாளர் கூலி பெறுகிறார். திருட்டுப் படியால் படைத்தவர்க்குப் பெயருமில்லை, பொருளுமில்லை. இந்நிலையில், திரைப்பட ஆய்வை மேற்கொள்வோர் கோப்புப்பெயரைச் சான்றாகக் கொள்ளுதல் தகாது. படத்தின் பெயரோட்டத்தையும் தணிக்கைச் சான்றிதழையும் நோக்கி, ஆக்கியோர் பெயரை முதற்கண் எழுதுதல் வேண்டும். பாயிரம் அப்போதுதான் நிறைவுறும்.