கை பட்டால் மட்டும் விழிக்கட்டும்

வீட்டில் ஆர்கேட் பெட்டி கட்டுகிறவர்கள் பலகை, வர்ணம், ஜொய்ஸ்டிக், பொத்தான் என்று எல்லாவற்றையும் நீண்ட நாள் யோசிப்பார்கள். உள்ளே பூட்டி வைத்த கணினியை எப்படி ஒன் பண்ணுவது என்ற கேள்வி கடைசியில்தான் வரும். பலகையில் துளை போட முன்னமே அதைத் தீர்த்துவிட வேண்டும்.

பழைய கடை மெஷின்களுக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. கரண்ட் வந்ததும் அவற்றின் போர்ட் ஓடத் தொடங்கிவிடும். சுவிச்சை விளையாட வருபவர் கைக்கு எட்டாமல் பின்னாலோ மேலேயோ வைத்திருப்பார்கள். நமது பெட்டிக்குள் இருப்பது கணினி. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறையில், பிளக்கில் 230 வோல்ட் இருந்தாலும் அது தானாக எழும்பாது. பவர் சப்ளை 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மட்டும் மதர்போர்டுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும். மதர்போர்டின் ஓரத்திலுள்ள இரண்டு ஊசிகள் ஒரு கணம் தொடுக்கப்பட்டால்தான் மற்றதெல்லாம் ஓடும். பவர் பொத்தானின் வேலை அவ்வளவுதான்.

ஆகவே அந்த இரண்டு ஊசியிலிருந்து இரண்டு மெல்லிய வயரை இழுத்து, பெட்டியில் நமக்குப் பிடித்த இடத்தில் ஒரு பொத்தானில் முடித்தால் போதும். எந்த வயர் எந்த ஊசிக்கு என்ற பேதம் கிடையாது. பொத்தானுக்குள் எல்ஈடி இருந்தால் அதற்கு மட்டும் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும்.

பொத்தானுக்கு நான் போவது புறக்கோட்டைக்குத்தான். வெள்ளவத்தையில் 101 பஸ் ஏறினால் கோட்டை ரயில் நிலையத்தடியில் இறங்கி முதலாம் குறுக்குத் தெருவுக்கு நடந்துவிடலாம். அங்கே வெறுமனே "பிரஸ் பட்டன்" என்று கேட்காதீர்கள். அழுத்தினால் உள்ளேயே நின்றுகொள்ளும் வகையும் அதே தட்டில்தான் கிடக்கும். அதைப் பொருத்தினால், விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருப்பதாகக் கணினி எடுத்துக்கொண்டு, நாலைந்து செக்கனில் தானே அணைந்துவிடும். "நானா, கோலிங் பெல் சுவிச் மாதிரி, விட்டா திரும்பி வாறது வேணும்" என்றால் சரியானதை எடுத்துத் தருவார்கள். கடற்காற்று அடிக்கும் வீடென்றால் மூடிய உடம்புள்ள உலோகப் பொத்தானே நல்லது. திறந்த தகடுகள் உப்புக் காற்றில் பச்சை பூத்துவிடும்.

பொத்தானே வேண்டாம், பயோஸில் கரண்ட் வந்ததும் கணினி எழும்பும்படி வைத்துவிட்டுச் சுவர்ச் சுவிச்சால் போட்டு நிறுத்தலாம் என்பார்கள் சிலர். வசதியான வழிதான். ஆனால் கொழும்பில் இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று பட்டு நாடு முழுவதும் இருண்டதாக அமைச்சர் சொன்னார். போன கரண்ட் திரும்பி வரும் அந்த நிமிடத்தில்தான் வோல்ட் ஏறி இறங்கும். மின்சாதனங்களுக்கு ஆபத்தான நேரம் அது. சுவர்ச் சுவிச்சை அணைக்க மறந்திருந்தால், சரியாக அந்த வேளையில் நம் பெட்டி தானே விழித்துக்கொள்ளும். ஊர் தூங்கும் நேரமென்றால் ஸ்பீக்கரும் சேர்ந்து முழங்கும். ஆள் கை பட்டால் மட்டும் அது எழும்பட்டும். பயோஸில் கரண்ட் வந்தாலும் அணைந்தே இருக்கும்படி வைத்துவிடுங்கள்.

அப்படியும் அந்த வழியில் போகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சுவிச்சை நிறுத்திய உடனே திரும்பப் போட்டால் கணினி எழும்பாமல் போகலாம். பவர் சப்ளைக்குள் தேங்கிய மின்சாரம் வடியச் சில செக்கன் பொறுக்க வேண்டும். மற்றது, மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பற்றரி செத்தால் பயோஸ் அமைப்பெல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும். நேற்றுவரை எழும்பிய பெட்டி இன்று பேசாமல் கிடந்தால், பவர் சப்ளையைக் கழற்ற முன் அந்தப் பற்றரியை மாற்றிப் பாருங்கள்.

அலுவலகங்களில் கழித்துவிட்ட சின்னக் கணினிகள் மலிவாகக் கிடைப்பதால் பலர் அவற்றையே உள்ளே வைக்கிறார்கள். அவற்றில் சிலவற்றின் முகப்புச் சுவிச் வழமையான இரு ஊசியில் வராது, அந்தக் கம்பனிக்கே உரிய சொக்கெட்டில் வரும். முகப்பு வயர்களைக் கழற்றினால் ஒவ்வொரு முறையும் பிழைச் செய்தி காட்டி நிற்பவையும் உண்டு. பழைய சுவிச்சை எறியாமல், அதன் இரண்டு காலில் வயரை சோல்டர் பண்ணி நீட்டுவதே பத்திரமான வழி.

மேல்முகப்பு விளக்குக்குத் தனிச் சுவிச் தேவையில்லை. 12 வோல்ட் எல்ஈடி பட்டியைப் பவர் சப்ளையின் மஞ்சள், கறுப்பு வயர்களில் கொடுத்தால் கணினியோடு சேர்ந்து எரியும், சேர்ந்து அணையும். சின்ன ஆம்பிளிபையரையும் அப்படிக் கொடுக்கலாம், ஆனால் ஒரு முனகல் சத்தம் கேட்கக்கூடும். கேட்டால் அதற்குத் தனி அடப்டர் போடுங்கள். 230 வோல்ட்டை மட்டும் எந்த விளையாட்டுப் பொத்தான் வழியாகவும் கொண்டுபோக வேண்டாம். பிள்ளைகள் கை வைக்கும் பலகை அது.

கணினியை அணைப்பதற்கும் அதே பவர் பொத்தான்தான். விண்டோஸில் பவர் பொத்தானை அழுத்தினால் முறையாக மூடும்படி அமைத்தால், ஒரு தட்டில் எல்லாம் எழுதி முடித்துவிட்டு அணையும். அதனாலேயே ஸ்டார்ட், கொயின் பொத்தான்களுக்குப் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது. கட்டுப்பாட்டுப் பலகையின் அடிப்பக்கத்தில், சற்று உள்வாங்கிய குழியில் வையுங்கள். விளையாட்டுச் சூட்டில் பிள்ளைகளின் கை அங்கே போகாது.