விஸ்டம்: பார்ப்பது பாதி, தீர்ப்பது மீதி

ஒரு சின்ன டெஸ்ட். ‘விஸ்டம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன? அறிவு, ஞானம், விவேகம், புத்தி என்று நாலு பேர் நாலு பதில் சொல்வீங்க. எல்லாமே கிட்டத்தட்ட சரிதான். ஆனா இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் வேற வேற இடத்திலிருந்து கிளம்பி வந்தவை. அவை வந்த வழியைப் பார்த்தா, இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு ரொம்பத் தேவையான ஒரு விஷயம் கிடைக்கும்.

முதலில் விஸ்டம். ஆயிரம் வருஷத்துக்கும் மேல் ஆங்கிலத்தில் புழங்குகிற சொல். இதில் இரண்டு துண்டுகள் இருக்கு: ‘வைஸ்’, ‘டம்’.

‘வைஸ்’ என்பதை மொழியியலாளர்கள் மிகப் பழைய ஒரு இந்தோ-ஐரோப்பிய வேரோடு சேர்க்கிறாங்க. அந்த வேருக்குப் பொருள் ‘பார்ப்பது’. பார்த்தால்தானே தெரியும்? அதனால ‘பார்த்தவன்’ என்பதே ‘தெரிந்தவன்’ என்று ஆகிவிட்டது. இதே வேர் லத்தீன் வழியாகப் போய் ‘வீடியோ’, ‘விஷன்’ ஆச்சு. கிரேக்கம் வழியாக ‘ஐடியா’ ஆச்சு. சமஸ்கிருதத்தில் ‘வேதம்’, ‘வித்யா’ ஆச்சு. அந்த வித்யாவைத்தான் நாம தமிழில் ‘வித்தை’ என்கிறோம். ஆக, யூடியூப் வீடியோவும் கேந்திரிய வித்யாலயாவும் தூரத்துச் சொந்தம்!

இரண்டாவது துண்டு இன்னும் சுவாரஸ்யம். பழைய ஆங்கிலத்தில் ‘டோம்’ என்றால் தீர்ப்பு, சட்டம். இன்றைக்கு அழிவு என்ற பொருளில் நாம சொல்லும் ‘டூம்’ இதேதான். ‘டூம்ஸ்டே’ என்பதற்கு உண்மையான பொருள் இறுதித் தீர்ப்பு நாள். உலகம் அழியும் நாள் என்பது பின்னால் வந்தது. 1086இல் இங்கிலாந்தில் எடுத்த நிலக் கணக்குக்கு ‘டூம்ஸ்டே புக்’ என்று பேர் வந்ததும், அதில் எழுதியதை மாற்ற முடியாது, அதுவே இறுதி என்பதால்தான். ‘கிங்டம்’, ‘ஃப்ரீடம்’ போல விஸ்டத்திலும் இது ‘நிலை’ என்ற பொருள் தரும் வெறும் விகுதியாகத்தான் ஒட்டிக்கிட்டிருக்கு. ஆனாலும் அந்த விகுதிக்குப் பின்னால் ஒரு தீர்ப்பு இருப்பதை மறக்க வேண்டாம்.

இப்போ நம்ம பக்கம் வருவோம். ‘ஞானம்’ சமஸ்கிருதச் சொல். ‘தெரியும்’ என்ற பொருள் தரும் ஆங்கில ‘நோ’ இதன் உறவினர். அதன் ஸ்பெல்லிங்கில் சும்மா நிற்கிற சைலன்ட் ‘கே’ ஒரு காலத்தில் வாய்விட்டு உச்சரிக்கப்பட்ட எழுத்துதான். டாக்டர் சொல்லும் ‘டயக்னாசிஸ்’ கூட இதே குடும்பம். ‘விவேகம்’ என்றதும் அஜித் படம் ஞாபகம் வரலாம். அதன் வேருக்குப் பொருள் ‘பிரித்தெடுப்பது’: எது வேணும், எது வேண்டாம் என்று பிரிக்கத் தெரிவது.

‘அறிவு’ மட்டும் நம்ம வீட்டுச் சொல். கன்னடத்திலும் மலையாளத்திலும் இதே வேர் இருக்கு. அறிமுகம், அறிக்கை, அறிகுறி எல்லாம் இதன் பிள்ளைகள். திருக்குறளின் அதிகார வரிசையைக் கவனிச்சிருக்கீங்களா? 40 கல்வி, 41 கல்லாமை, 42 கேள்வி, 43 அறிவுடைமை. படிப்பும் அறிவும் தனித்தனி அதிகாரம். நடுவில் இருக்கும் ‘கேள்வி’ நாம ஹாலில் எழுதுற கொஸ்டின் பேப்பர் இல்லை. காது கொடுத்துக் கேட்பது. படித்தவுடன் நேராக அறிவுக்குத் தாவ முடியாது, நடுவில் பிறர் சொல்வதைக் கேட்கணும் என்று அந்த வரிசை சொல்வது போல எனக்குத் தோணும்.

இதெல்லாம் வெறும் சொல் விளையாட்டா? சேலஞ்சர் விண்வெளி ஓடத்தை எடுத்துக்குவோம். அதன் ராக்கெட் பூஸ்டரின் இணைப்புகளில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்கள் இருந்தன. குளிரில் ரப்பர் விறைத்துப்போகும். இடைவெளியைச் சட்டென்று அடைக்காது. பூஸ்டரைத் தயாரித்த நிறுவனத்தின் இன்ஜினியர் ரோஜர் பாய்ஜாலி, உயிர்ச்சேதம் வரலாம் என்று 1985 ஜூலையிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். 1986 ஜனவரி 27 இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று இன்ஜினியர்கள் வாதாடினார்கள். நிர்வாகம் முதலில் அதை ஏற்றுக்கொண்டு, பிறகு மாற்றிக்கொண்டது. மறுநாள் காலை கடுங்குளிரில் ஏவினார்கள். 73 நொடியில் ஓடம் சிதறியது. 7 பேர் இறந்தார்கள்.

இங்கே தகவல் குறைவா? இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்கள், எழுதியும் கொடுத்துவிட்டார்கள். ‘வைஸ்’ இருந்தது, தீர்ப்புதான் தவறிப்போச்சு. சொன்னதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை, அதாவது 42ஆம் அதிகாரம் விட்டுப்போச்சு.

நமக்கு இன்றைக்குப் பார்ப்பதில் பஞ்சமே இல்லை. சென்சார் ரீடிங், சிமுலேஷன், எதைக் கேட்டாலும் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு என்று எல்லாம் கையில் இருக்கு. முடிவு எடுப்பதும், அந்த முடிவுக்குக் கீழே கையெழுத்துப் போடுவதும் இன்னும் நம்ம வேலைதான்.

அதற்கான பயிற்சியை இப்பவே ஆரம்பிக்கலாம். அடுத்த லேபில் ஒரு ரீடிங் கிராஃபில் உட்காமல் தனியாக நின்றால், அதை அழித்துக் கோட்டுக்கு ஏத்த மாதிரி மாற்றி எழுத மனசு சொல்லும். எழுதாதீங்க. திரும்ப ஒருமுறை எடுத்துப் பாருங்க, பக்கத்து பேட்ச்சில் கேளுங்க. அப்பவும் அதே ரீடிங் வந்தால், வந்ததை அப்படியே ரெக்கார்டில் எழுதி, ஏன் அப்படி வந்தது என்று கீழே இரண்டு வரி சேர்த்துக்குங்க.