“ஒரு வருஷம் வாரண்டி இருக்கும்மா!”

பழைய கார் வாங்கப் போறேன்னு சொல்றீங்க. நல்லது. அட்வான்ஸ் குடுத்தாச்சா? இன்னும் இல்லையா? அப்ப அஞ்சு நிமிஷம் உட்காருங்க. குடுத்தாச்சுன்னாலும் உட்காருங்க, மிச்சப் பணத்தையாவது காப்பாத்தலாம்.

எங்க ஊர் நெற்குப்பை. ஊர் ஊராச் சுத்திப் பயண நூல்கள் எழுதின சோமலெ பிறந்த ஊர். அந்த ராசியோ என்னவோ, இங்க யாரும் வீட்டுல சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கல்யாணம், சாந்தி, படைப்புன்னு எப்பவும் ஒரு கிளம்பல். பொன்னமராவதிக்குன்னா பஸ்ல போயிடலாம். ராத்திரி பதினோரு மணிக்குக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னா வாசல்ல கார் நிக்கணும். அப்படித்தான் நானும் வாங்கினேன். நாலு வருஷம் ஓடின சின்னக் கார். பெரிய ஊர் ஷோரூம், கண்ணாடிக் கதவு, ஜில்லுன்னு ஏசி, கையில ஒரு ஜூஸ். “ஒரு வருஷம் வாரண்டி, மூணு ஃப்ரீ சர்வீஸ், எல்லாமே கவர் ஆகும்மா”ன்னு ஒரு பையன் சொன்னான். நானும் தலையை ஆட்டினேன்.

மூணாவது மாசம் திருப்பத்தூர் ரோட்டுல போறப்ப ஒரு கருகின வாடை. கிளட்ச் போச்சு. ஷோரூம்ல கேட்டா, “அது தேய்மானம்மா, வாரண்டில வராது.” ஃப்ரீ சர்வீஸும் ஃப்ரீ இல்லை. கூலி மட்டும்தான் ஃப்ரீ. ஆயில், ஃபில்டர், சோப்பு நுரை எல்லாத்துக்கும் பில் வந்துச்சு. ஷோரூம் பேரைக் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். பாதித் தப்பு என்னோடது. நீங்களாவது அதைச் செய்யாதீங்க.

1. “என்ன கவர் ஆகும்”னு கேட்காதீங்க. “எது கவர் ஆகாது”ன்னு கேளுங்க.

முதல் கேள்விக்கு எல்லா ஷோரூம்லயும் ஒரே பதில்தான்: எல்லாமே. ரெண்டாவது கேள்விக்குத்தான் பேப்பரைத் தேடுவாங்க. பழைய கார் வாரண்டின்னா பெரும்பாலும் இன்ஜின், கியர்பாக்ஸ் உள்பாகங்கள்தான். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர், பேட்டரி, வைப்பர், பல்பு, ரப்பர் புஷ், ஏசி கேஸ் இதெல்லாம் சாதாரணமா வெளியேதான் நிக்கும். பழைய கார்ல முதல்ல போறதே இதுங்கதானே? அதுதான் வயித்தெரிச்சல்.

அந்தப் பக்கத்தை அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க. “டெலிவரி அன்னைக்குத் தர்றோம்”னு சொன்னா, “அட்வான்ஸையும் அன்னைக்கே தர்றேன்”னு சொல்லுங்க. சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க, தப்பில்லை.

2. வாரண்டி யாரோடது?

இதுல மூணு தினுசு உண்டு. ஒண்ணு, கார் கம்பெனி புதுசுல குடுத்ததுல பாக்கி இருக்கிறது. இதுதான் தங்கம். வண்டி கை மாறினாலும் சாதாரணமா கூடவே வரும். உதாரணத்துக்கு, மாருதி 2024 ஜூலையில தன்னோட வாரண்டியை 2 வருஷம் அல்லது 40,000 கி.மீ.ங்கிறதுல இருந்து 3 வருஷம் அல்லது 1,00,000 கி.மீ.ன்னு ஏத்துச்சு. அதுக்குப் பிறகு டெலிவரி ஆன வண்டி ரெண்டு வருஷத்துல விலைக்கு வந்தாக்கூடக் கொஞ்சம் பாக்கி நிக்கும். நீங்க வாங்கற தேதியில இருந்து எண்ணாதீங்க. முதல் ஓனர் டெலிவரி எடுத்த தேதியில இருந்து எண்ணுங்க.

ரெண்டாவது, ட்ரூ வேல்யூ மாதிரி கம்பெனியோட பழைய கார் பிரிவு தர்றது. அதுலயும் ‘சர்டிஃபைட்’ வண்டிக்குத்தான் வாரண்டி. அதே வளாகத்துல நிக்கற எல்லா வண்டிக்கும் கிடையாது. மூணாவது, டீலரே ரப்பர் ஸ்டாம்ப் குத்தித் தர்றது. அவர் கடையைச் சாத்தினா வாரண்டியும் சாத்திடும்.

புரோக்கர் மூலமா இன்னொரு வீட்டுக்காரர்கிட்ட வாங்கினா வாரண்டிப் பேச்சே கிடையாது. விலை கம்மிங்கிறதுக்கு அதுதான் காரணம்னு மனசுல வெச்சுக்கோங்க.

3. நம்ம பக்கத்துப் பெரிய பொறி: “ஆச்சி வீட்டு வண்டி, ஓடவே இல்லை.”

இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன், ஏன்னா நம்ம ஊர்கள்ல இதுலதான் நிறையப் பேர் விழறாங்க. வீட்டுக்காரங்க சென்னையில, சிங்கப்பூர்ல. கார் மட்டும் இங்க, பூட்டின வீட்டு வளவுக்குப் பின்னாடி. திருவிழாவுக்கு நாலு நாள் ஓடும், அப்புறம் போர்வையைப் போர்த்திடுவாங்க. ஆறு வருஷத்துல 14,000 கி.மீ.ன்னு மீட்டரைப் பார்த்ததும் நமக்கு வாயூறும்.

ஊறக்கூடாது. சர்வீஸ் கணக்கு கிலோமீட்டர்ல மட்டும் இல்லை. 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அதுன்னுதான் நிறையக் கார்ப் புத்தகத்துல போட்டிருக்கும். ‘ஓடலையே, எதுக்கு சர்வீஸ்’னு ரெண்டு வருஷம் விட்டிருந்தா, பாக்கி வாரண்டியைக் கேட்கறப்ப “சர்வீஸ் தவறியிருக்கு”ன்னு ஒரே வரியில கதவைச் சாத்துவாங்க. நின்ன வண்டியில ஆயில் கெடும், பேட்டரி சாகும், ரப்பர் வெடிக்கும். பானட்டைத் தூக்கிப் பாருங்க: எலிப் புழுக்கை இருக்கா, வயர் மேல பல் பட்ட தடம் இருக்கா? எலி கடிச்ச வயரிங் எந்த வாரண்டியிலயும் வராது. பானட்டுக்குள்ள புகையிலைக் கட்டு வெச்சிருந்தாங்கன்னா அந்த வீட்டுல ஏற்கெனவே ஒருதடவை எலிகிட்ட அடி வாங்கியிருக்காங்கன்னு அர்த்தம். எத்தனை செலவாச்சுன்னு கேளுங்க.

டயர்ல பட்டன் அப்படியே புதுசா இருக்கும். ஏமாறாதீங்க. டயர் ஓரத்துல நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்ச டயர். தேய்ஞ்சிருக்காது, ஆனா காய்ஞ்சு கல்லாயிருக்கும். நாலு டயர் விலையை வண்டி விலையில கழிச்சுப் பேசுங்க.

4. தண்ணியில நின்ன வண்டியா?

2015 டிசம்பர்ல சென்னை. 2023 டிசம்பர்ல மறுபடி சென்னை, அதே மாசம் தூத்துக்குடி, திருநெல்வேலி. அந்தத் தண்ணியில முங்கின கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போயிடலை. ஏலத்துல எடுத்துத் துடைச்சு, செண்ட் அடிச்சு, வேற மாவட்டத்துல விக்கறவங்க இருக்காங்க. கண்டுபிடிக்கப் பெரிய மெக்கானிக் வேண்டாம். பின் சீட்டு பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. மேல பளிச்சுன்னு இருந்து, அடிப்பக்கம் ஒரு சாண் அளவு மண் நிறத்துல கோடு விழுந்திருந்தா அங்கேயே கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. ஸ்டெப்னி குழியில துரு, சீட்டுக்கு அடியில தண்டவாளத்துல துரு, ஹெட்லைட்டுக்குள்ள பனி, இதெல்லாம் அதே கதைதான். வெள்ளச் சேதத்துக்கு வாரண்டி கிடையாதுன்னு எழுதியே இருப்பாங்க. ரெண்டு மாசம் கழிச்சுப் பவர் விண்டோ இறங்கலைன்னா “பழைய வெள்ளப் பாதிப்பு”ன்னு உங்க தலையில கட்டிடுவாங்க.

5. மீட்டரை நம்பாதீங்க, சர்வீஸ் ரெக்கார்டை நம்புங்க. அந்தக் கம்பெனியோட ஏதாவது ஒரு சர்வீஸ் சென்டர்ல நம்பரைச் சொல்லி, ஓனரைக் கூட வெச்சுக்கிட்டுக் கேட்டா, எந்தத் தேதியில எத்தனை கிலோமீட்டர்னு வரிசையா வரும். போன வருஷம் 71,000, இந்த வருஷம் 48,000ன்னா எழுந்துடுங்க.

6. சர்வீஸுக்கு விடறப்ப வாயால சொல்லாதீங்க.

“லேசா ஒரு சத்தம் வருதுப்பா, பார்த்துக்க”ன்னு சொல்லிட்டு வந்துடறீங்க. சாயந்தரம் போனா வண்டி கழுவி நிக்கும், சத்தம் அப்படியே இருக்கும், பில் மட்டும் புதுசா இருக்கும். ஏன்? நீங்க சொன்னது ஜாப் கார்டுல ஏறலை. ஏறாத புகார் இல்லாத புகார். அதனால:

- என்ன சத்தம், எப்ப, எந்த கியர்ல வருதுன்னு உங்க வார்த்தையிலேயே ஜாப் கார்டுல எழுதச் சொல்லிப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. வாரண்டி முடியற நேரத்துல இதே கோளாறு திரும்ப வந்தா, “அப்பவே சொன்னேன்”னு காட்ட இதுதான் இருக்கு.
- எஸ்டிமேட்டை எழுத்துல வாங்குங்க. அதுக்கு மேல ஒரு ரூபான்னாலும் போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் செய்யணும்னு அதுலயே எழுதச் சொல்லுங்க.
- இன்ஜின் ஃப்ளஷ், ஏசி கிருமி நீக்கம், டெஃப்லான் கோட்டிங். கம்பெனிப் புத்தகத்துல அந்தக் கிலோமீட்டருக்கு இது போட்டிருக்கான்னு பாருங்க. போடலைன்னா “வேண்டாம் தம்பி”, அவ்வளவுதான். காரணம் சொல்ல வேண்டாம்; சொன்னா அதுக்கு ஒரு பதில் வெச்சிருப்பாங்க.
- மாத்தின பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்க. வாரண்டியில மாத்தினதை அவங்களே வெச்சுக்குவாங்க, சரி. நீங்க காசு குடுத்து மாத்தினது உங்களோடது.
- கோளாறு வந்ததும் ஊர் மெக்கானிக்கைக் கழட்டிப் பார்க்கச் சொல்லாதீங்க. அவர் கெட்டிக்காரரா இருக்கலாம். ஆனா அவர் கழட்டின அந்த பார்ட்டுக்கு “வெளியில பிரிச்சிருக்கு”ன்னு கை கழுவிடுவாங்க. முதல்ல போன், அப்புறம் ஸ்பேனர்.

7. “வெளியில கை வெச்சா மொத்த வாரண்டியும் போச்சு”ன்னு மிரட்டினா?

மிரளாதீங்க. மேல சொன்னது பழுதான அந்த ஒரு பார்ட்டுக்கு. பஞ்சர் ஒட்டினதுக்கும் வைப்பர் மாத்தினதுக்கும் இன்ஜின் வாரண்டி போகாது. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தமா 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. ஸ்பேர் பார்ட்ஸை வெளியில விக்காம, வெளி மெக்கானிக்கைத் தலையெடுக்க விடாம வெச்சிருந்ததுக்கு. வெளியில வேலை பார்த்தாலே வாரண்டி மொத்தமா ரத்துன்னு பொத்தாம் பொதுவா நிபந்தனை போடக்கூடாது. அந்த வெளி வேலையால வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம்னு அந்த உத்தரவு சொல்லுச்சு. அபராதம் அப்பீலுக்குப் போனது தனிக் கதை. ஆனா கவுன்டர்ல நின்னு, “எந்த வேலையால எந்தச் சேதம்னு எழுதிக் குடுங்க”ன்னு நீங்க கேட்கலாம். எழுதச் சொன்னதும் பாதிப் பேருக்குக் குரல் இறங்கும்.

8. பேப்பர் வேலையை “டீலர் பார்த்துக்குவார்”னு விடாதீங்க. 2023 ஏப்ரல் 1ல இருந்து பழைய கார் டீலருக்கு ஆர்டிஓ அங்கீகாரச் சான்று வேணும். சுவத்துல மாட்டியிருக்கான்னு பாருங்க. 29, 30 ஃபாரம், லோன் இருந்தா பேங்க் கிளியரன்ஸ். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுங்க. ஆர்சி உங்க பேர்ல, பாலிசி பழைய ஓனர் பேர்லன்னு இருக்கறப்ப வண்டி மோதினா, எதிராளிக்குக் கிடைக்கும், உங்க வண்டிச் சேதத்துக்குக் கிடைக்காது. நோ கிளெய்ம் போனஸ் ஆளோட போறது, வண்டியோட வராது. அதையும் சேர்த்து விலை சொன்னா ஒத்துக்காதீங்க.

9. சண்டை போடணும்னா முறையாப் போடுங்க.

ஷோரூம்ல கத்தறதால ஒரு பலனும் இல்லை, பிரஷர்தான் ஏறும். முதல்ல டீலருக்கும் கம்பெனிக்கும் சேர்த்து ஒரு ஈமெயில். தேதி, கிலோமீட்டர், ஜாப் கார்டு நம்பர், என்ன கேட்கறீங்க, அவ்வளவு போதும். பதில் இல்லைன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மசியலைன்னா நுகர்வோர் ஆணையம். ஷோரூம் மதுரையில இருந்தாலும் திருச்சியில இருந்தாலும் நீங்க அங்க அலைய வேண்டாம். 2019ஆம் வருஷச் சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே, நமக்குன்னா சிவகங்கையிலயே, போடலாம். நீங்க குடுத்த விலை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். பிரச்சினை வந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். “அடுத்த மாசம் பார்ப்போம்”னு இழுத்தடிக்கறவங்களுக்கு இந்தக் கணக்கு நல்லாத் தெரியும்.

நான் கேஸ் போட்டேனான்னு கேட்பீங்க. போடலை. அந்தப் பையன் சொன்ன “எல்லாமே”ங்கிற வார்த்தை எந்தப் பேப்பர்லயும் இல்லை. கிளட்ச் வராதுங்கிறது மட்டும் நாலாவது பக்கத்துல தெளிவா இருந்துச்சு, கீழ என் கையெழுத்தோட. பணத்தைக் கட்டிட்டு வண்டியை எடுத்துக்கிட்டு வந்தேன்.